2255 மனு தள்ளுபடி ஆனபின் என்ன செய்வது? அமெரிக்க ஃபெடரல் கைதியின் மேல்முறையீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ஃபெடரல் சிறையில் இருப்பவரின் கைக்குத் தள்ளுபடி உத்தரவு வந்து சேரும்போதே அது சில நாள் பழையதாகியிருக்கும். நீதிமன்ற அலுவலகம் அதைத் தபாலில் போடவேண்டும், அப்புறம் சிறையின் தபால் அறையைத் தாண்டி அது அவரிடம் வரவேண்டும். இடையில் அவரை வேறு சிறைக்கு மாற்றியிருந்தால் இன்னும் தாமதம். ஆனால் மேல்முறையீட்டுக்கான கெடு இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. உத்தரவு நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய நாளிலேயே அது ஓடத் தொடங்கிவிடும்.

உத்தரவைப் படித்ததும் மனம் உடைந்துபோவது இயல்புதான். குடும்பத்தாரும் ஒரு வாரம் பேச்சற்றுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வாரமும் கணக்கில் சேரும் என்பதுதான் கொடுமை. வாதம் பலவீனமாக இருந்ததால் தோற்றவர்களைவிட, தேதியைத் தவறவிட்டு வாதத்தைச் சொல்லவே முடியாமல் போனவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். அதனால் இந்த வழிகாட்டியில் தேதிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பவருக்காக வெளியிலிருந்து ஓடியாடும் மனைவி, அண்ணன், நண்பர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எந்த மனுவைப் பற்றிப் பேசுகிறோம்

ஃபெடரல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர், நேரடி மேல்முறையீடெல்லாம் முடிந்தபின் தன் தண்டனை அரசியலமைப்புக்கோ சட்டத்துக்கோ முரணானது என்று சொல்லி, தண்டனை விதித்த அதே நீதிமன்றத்தில் போடுவது 2255 மனு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் உள்ள பிரிவு எண்ணே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரும் வழி 2254. இரண்டுக்கும் மேல்முறையீட்டுப் பாதை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் நாள் கணக்கு வேறு. 2255-இல் எதிர்த்தரப்பு அமெரிக்க அரசு என்பதால் 60 நாள் கிடைக்கும். 2254-இல் 30 நாள்தான். சிறையில் பக்கத்து அறைக்காரர் சொல்லும் கணக்கு அவருடைய வழக்குக்கு உரியதாக இருக்கலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் 2255 பற்றியது.

படி 1: உத்தரவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

முதலில் தேட வேண்டியவை மூன்று. உத்தரவு பதிவேட்டில் ஏறிய தேதி எது? அது மனுவிலுள்ள எல்லாக் கோரிக்கைகளையும் முடித்து வைக்கிறதா? மேல்முறையீட்டுச் சான்றிதழ் (மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைக் கேட்கத் தேவையான அனுமதி) பற்றி நீதிபதி என்ன சொல்லியிருக்கிறார்?

தேதி விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். நீதிபதி கையெழுத்திட்ட நாளும் பதிவேட்டில் ஏறிய நாளும் சில சமயம் வேறாக இருக்கும். நமக்குக் கணக்கு பதிவேட்டில் ஏறிய நாள்தான். பக்கத்தின் மேல் விளிம்பில் அச்சாகும் வரியிலோ, பேசர் என்ற இணையச் சேவையில் கிடைக்கும் வழக்குப் பட்டியலிலோ அது இருக்கும். 2255 மனுவுக்குப் பழைய குற்ற வழக்கு எண்ணோடு தனியாக ஒரு சிவில் எண்ணும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் குறித்து வையுங்கள்.

சான்றிதழ் பற்றிய வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். தள்ளுபடி செய்யும்போதே, சான்றிதழ் தருகிறாரா மறுக்கிறாரா என்று நீதிபதி சொல்லியாக வேண்டும் என்பது 2255 வழக்குகளுக்கான 11-ஆம் விதி. பல உத்தரவுகளில் மறுப்பு ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியைப் பார்த்துவிட்டு ‘மேல்முறையீடே செய்ய முடியாது போலிருக்கிறது’ என்று நினைத்துவிடாதீர்கள். அதே சான்றிதழை மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் நேராகக் கேட்கலாம்.

படி 2: நாளை எண்ணுங்கள், காலண்டரில் எழுதுங்கள்

உத்தரவு 2025 மார்ச் 3 அன்று பதிவேட்டில் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். மறுநாளை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் 60-ஆவது நாள் மே 2, வெள்ளிக்கிழமை. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள்வரை நேரம் உண்டு. ‘தபாலில் வந்ததால் மூன்று நாள் கூடுதல் கிடைக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கெடுவுக்கு அது பொருந்தாது.

இங்கே கீத் பவுல்ஸ் என்பவரின் வழக்கைச் சொல்லியாக வேண்டும். ஒஹாயோ மாநிலக் கைதி அவர். மேல்முறையீட்டுக் காலத்தை மீண்டும் திறக்க நீதிபதி அனுமதித்தார். விதி அனுமதிப்பது 14 நாள், நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்துவிட்டார். பவுல்ஸ் தரப்பு 16-ஆவது நாளில் தாக்கல் செய்தது. நீதிபதியின் உத்தரவைத்தானே நம்பினார்? ஆனாலும் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் கெடுவை நீட்ட எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகப் படவில்லை. நான்கு நீதிபதிகளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் இன்று நடைமுறையில் இருப்பது அதுதான். எனவே யார் என்ன தேதி சொன்னாலும் விதியோடு ஒப்பிட்டு நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

படி 3: மேல்முறையீட்டு அறிவிப்பு

இது ஒரு பக்கத் தாள். யார் மேல்முறையீடு செய்கிறார், எந்த உத்தரவை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு என்ற மூன்றும் இருந்தால் போதும். வாதம் எதுவும் வேண்டாம். இதைத் தாக்கல் செய்யும் இடம், தள்ளுபடி செய்த அதே மாவட்ட நீதிமன்றத்தின் அலுவலகம். பெயரைப் பார்த்துவிட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுபவர்கள் உண்டு. அப்படி அனுப்பினாலும் அவர்கள் தேதி குறித்து மாவட்ட நீதிமன்றத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த அலைச்சல் எதற்கு?

மாவட்ட நீதிபதி சான்றிதழ் கொடுத்துவிட்டாலும் இந்த அறிவிப்பைத் தனியாகத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கையெழுத்து, உள்ளே இருப்பவருடையதாக இருக்க வேண்டும், வழக்கறிஞர் இருந்தால் அவர் போடலாம். மனைவியோ தம்பியோ அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. எவ்வளவு பாசம் இருந்தாலும், வழக்கறிஞராக இல்லாத குடும்பத்தார் அவருக்காக நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்பதே நிலை. நீங்கள் செய்யக்கூடியது தேதி பார்ப்பது, தாள் தேடுவது, தட்டச்சு செய்து உள்ளே அனுப்புவது.

தபாலில் சேர்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். 1988-இல் வந்த ஹூஸ்டன் எதிர் லாக் தீர்ப்பின்படி, வழக்கறிஞர் இல்லாத கைதி தன் அறிவிப்பைச் சிறை அதிகாரிகளிடம் அனுப்புவதற்காக ஒப்படைத்த நாளே தாக்கல் நாள். நீதிமன்றத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பது பொருட்டல்ல. இந்தச் சலுகை கிடைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. சிறையில் சட்டக் கடிதங்களுக்கென்று தனி முறை இருந்தால் அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் ஒப்படைத்தார், முதல் வகுப்புத் தபால் தலை ஒட்டப்பட்டதா என்று, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு ஒரு வாக்குமூலம் இணைக்க வேண்டும். நோட்டரி தேவையில்லை. மேல்முறையீட்டு விதிகளின் பின்னிணைப்பில் படிவம் 7 என்று இதற்கான மாதிரியே இருக்கிறது.

இன்னொன்று. ‘வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், நீ கொண்டுபோய்ப் போட்டுவிடு’ என்று அவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் கை வழியாகப் போனால் இந்தச் சலுகையை நம்ப முடியாது, நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும் நாளே கணக்காகிவிடும்.

படி 4: கெடு தவறிவிட்டால்

இரண்டு சிறு கதவுகள் திறந்திருக்கும். முதலாவது நீட்டிப்பு. 60 நாள் முடிந்தபின் இன்னும் 30 நாளுக்குள், தக்க காரணம் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். சிறை முழுதும் பூட்டி வைக்கப்பட்டிருந்தது, மருத்துவமனையில் இருந்தார், தாள்களைப் பறிமுதல் செய்திருந்தார்கள் என்பது போன்றவை. சொன்னால் போதாது, அதற்கான பதிவுகளையும் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, உத்தரவே கைக்கு வராதவர்களுக்கு. பதிவேட்டில் ஏறிய 21 நாளுக்குள் உத்தரவு பற்றிய தகவல் கிடைக்கவில்லை என்றால், காலத்தை மீண்டும் திறக்கக் கோரலாம். உத்தரவு ஏறியதிலிருந்து 180 நாள், அந்தத் தகவல் கிடைத்ததிலிருந்து 14 நாள், இந்த இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 14 நாள். பவுல்ஸ் சிக்கிக்கொண்டது இங்கேதான். 2025 ஜூனில் பாரிஷ் எதிர் அமெரிக்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் இலகுவாக்கியது. வேறு சிறைக்கு மாற்றப்பட்டதால் உத்தரவு தாமதமாகக் கிடைத்த கைதி பாரிஷ். காலம் திறக்கப்படுவதற்கு முன்பே போட்ட அறிவிப்பு செல்லும், மறுபடி ஒன்று போடாததால் மேல்முறையீடு போய்விடாது என்று தீர்ப்பானது. ஆனாலும் இரண்டாவது அறிவிப்பு ஒன்றைப் போட்டுவைப்பதில் நட்டமில்லை.

மறுபரிசீலனை கேட்கலாமா?

நீதிபதி ஒரு கோரிக்கையைப் பார்க்காமலே விட்டிருந்தால், அல்லது பதிவில் உள்ள உண்மையைத் தவறாகப் படித்திருந்தால், சிவில் விதி 59(e)-இன் கீழ் தீர்ப்பைத் திருத்தக் கோரலாம். கெடு 28 நாள். நம் உதாரணத்தில் மார்ச் 31. இதை எந்த நீதிபதியாலும் நீட்ட முடியாது. நேரத்தில் போட்டால் மேல்முறையீட்டுக் கெடு நின்றுவிடும், அந்த மனு முடிந்த நாளிலிருந்து புதிதாக 60 நாள் கிடைக்கும். பானிஸ்டர் எதிர் டேவிஸ் என்ற 2020 தீர்ப்புக்குப் பிறகு, இதை, முன் அனுமதி தேவைப்படும் ‘இரண்டாவது மனு’ என்று சொல்லி ஒதுக்கவும் முடியாது.

ஆனால் சான்றிதழ் மறுப்பை மட்டும் மறுபரிசீலனை செய்யக் கேட்டால் கெடு நிற்காது. விதி 11 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ‘மறுபரிசீலனை கேட்டிருக்கிறேனே, பதில் வரட்டும்’ என்று இருந்து கெடுவை இழந்துவிடக்கூடாது.

படி 5: மேல்முறையீட்டுச் சான்றிதழ்

இதுதான் பெரிய வாசல். சான்றிதழ் இல்லாமல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் உள்ளே நுழையவே முடியாது. 1996-இல் வந்த சட்டத்தின்படி, அரசியலமைப்பு உரிமை மறுக்கப்பட்டது என்று கைதி ‘கணிசமான அளவுக்கு’ எடுத்துக்காட்ட வேண்டும். கேட்கும்போது மலைபோல இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இதை விளக்கிய விதத்தைப் படித்தால் அவ்வளவு பயம் வராது.

2000-இல் ஸ்லாக் எதிர் மெக்டேனியல், 2003-இல் மில்லர்-எல் எதிர் காக்ரெல், 2017-இல் பக் எதிர் டேவிஸ். மூன்றும் சொல்வது ஒன்றுதான்: மாவட்ட நீதிபதியின் முடிவு விவாதத்துக்கு உரியதா என்று மட்டும் பார். நியாயமாகச் சிந்திக்கும் நீதிபதிகள் அதில் கருத்து மாறுபட முடியுமானால் சான்றிதழ் கொடு. முழு வழக்கையும் கேட்டபின் கைதி தோற்பார் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய வழக்கில்கூட, இந்தக் கட்டத்தில் விவாதத்துக்கு இடம் இருக்கலாம். பக் வழக்கில், முதலில் முழுத் தீர்ப்பையே எழுதிவிட்டு ‘எனவே சான்றிதழ் இல்லை’ என்று ஐந்தாம் சர்க்யூட் (வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) சொன்னது தவறு என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

பலருடைய விண்ணப்பங்கள் இங்கேதான் வழி மாறிப் போகின்றன. 2255 மனுவையே மறுபடி நகலெடுத்து, மேலே வேறு தலைப்புப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தான் குற்றமற்றவர் என்றும் வழக்கறிஞர் ஏமாற்றிவிட்டார் என்றும் இருபது பக்கம் இருக்கும். அந்த வலி உண்மையானது. ஆனால் படிக்கும் நீதிபதி தேடுவது வேறு: மாவட்ட நீதிபதி எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்?

ஒரு கற்பனை உதாரணம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 8 ஆண்டுதான் என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. வழக்கறிஞர் அதைக் கட்சிக்காரரிடம் சொல்லவே இல்லை. விசாரணை நடந்து 15 ஆண்டு விழுந்தது. பேரத்தைச் சொல்லாமல் விடுவது வழக்கறிஞரின் கடமைத் தவறு என்று 2012-இல் மிசௌரி எதிர் ஃப்ரை தீர்ப்பு இருக்கிறது. கைதி உறுதிமொழியோடு வாக்குமூலம் கொடுத்தார். வழக்கறிஞரோ ‘சொன்னேன், அவர்தான் மறுத்தார்’ என்று எதிர் வாக்குமூலம் கொடுத்தார். நேரில் விசாரிக்காமலே நீதிபதி வழக்கறிஞரை நம்பி மனுவைத் தள்ளிவிட்டார்.

இதற்கான விண்ணப்பம் இப்படிப் போகலாம். முதலில் உரிமை: அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் தரும் திறமையான வழக்கறிஞர் உதவி, அது மறுக்கப்பட்டதா என்று பார்க்கும் 1984-இன் ஸ்ட்ரிக்லேண்ட் தீர்ப்பின் அளவுகோல், அதை ஒப்புதல் பேரத்துக்குப் பொருத்திய ஃப்ரை. அப்புறம் நீதிபதி சொன்னது, உத்தரவின் பக்க எண்ணோடு. அதற்குப் பிறகுதான் முக்கியமான இடம். கைதிக்கு எந்த நிவாரணமும் கிடையாது என்று கோப்புகளே ஐயமின்றிக் காட்டினால் மட்டும்தான் விசாரணையைத் தவிர்க்கலாம் என்கிறது பிரிவு 2255-இன் (b) உட்பிரிவு. இரண்டு உறுதிமொழி வாக்குமூலங்கள் நேருக்கு நேர் மோதும்போது, ஐயமின்றி எப்படிச் சொல்ல முடியும்? வேறொரு நீதிபதி விசாரணை நடத்தியிருப்பார் என்பதே வாதம். அதோடு பாதிப்பையும் காட்ட வேண்டும். சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார் என்பதற்கான அடையாளங்கள், 8-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளி. நான்கு பக்கத்தில் இதைச் சொல்லிவிடலாம். நான்கு பக்கம் இருபது பக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

உங்கள் சர்க்யூட்டிலோ வேறு சர்க்யூட்டிலோ இதே கேள்விக்கு வேறு பதில் சொன்ன தீர்ப்பு இருந்தால் அதை முன்னால் கொண்டுவாருங்கள். நீதிபதிகள் ஏற்கெனவே கருத்து மாறுபட்டிருக்கிறார்கள் என்பதைவிட, விவாதத்துக்கு இடம் உண்டு என்பதற்குப் பெரிய சான்று வேறில்லை.

மனு நடைமுறைக் காரணத்தால் தள்ளுபடி ஆகியிருந்தால், அதாவது 2255 மனு போடுவதற்கான ஓராண்டுக் கெடு தாண்டியது, நேரடி மேல்முறையீட்டில் எழுப்பவில்லை என்பது போன்றவை, ஸ்லாக் தீர்ப்பு இரண்டு பாதி கேட்கிறது. நடைமுறை முடிவு விவாதத்துக்குரியது என்று காட்ட வேண்டும். அடியில் இருக்கும் அரசியலமைப்புக் கோரிக்கையும் விவாதத்துக்குரியது என்று காட்ட வேண்டும். தேதிச் சண்டையில் மூழ்கி இரண்டாவது பாதியை எழுதாமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. ஒரு பக்கமாவது அதற்கு ஒதுக்குங்கள்.

அரசியலமைப்போடு தொடர்பில்லாத கோரிக்கைக்குச் சான்றிதழ் கிடைக்காது. தண்டனைக் காலத்தைப் புள்ளி போட்டுக் கணக்கிடும் தண்டனை வழிகாட்டியில் புள்ளி தவறு என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தத் தவறை வழக்கறிஞர் எதிர்க்காமல் விட்டார் என்பதை ஆறாம் திருத்தக் கோரிக்கையாக மனுவில் முன்பே வைத்திருந்தால் வழி உண்டு. மனுவில் இல்லாத புதுக் கோரிக்கையை இங்கே முதல்முறையாகச் சேர்க்க முடியாது.

தனி விண்ணப்பம் போடாவிட்டாலும், அறிவிப்பையே சான்றிதழ் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேல்முறையீட்டு விதி 22 சொல்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். காரணம் எழுதாத கோரிக்கையை மறுப்பது எளிது. வழக்கு எண் ஒதுக்கிய கடிதம் வந்ததும், அந்த சர்க்யூட் கொடுக்கும் கெடுவைப் பார்த்து விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

கட்டணமும் வழக்கறிஞரும்

மேல்முறையீட்டுக் கட்டணம் 2023 டிசம்பரிலிருந்து 605 டாலர். கட்ட முடியாதவர்கள் மேல்முறையீட்டு விதிகளின் படிவம் 4-இல் வருமான வாக்குமூலமும் சிறைக் கணக்கின் ஆறு மாத அறிக்கையும் இணைத்து விலக்கு கேட்கலாம். குற்ற வழக்கில் வசதியில்லாதவர் என்று நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்திருந்தால், மாவட்ட நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த வசதியின்மை நிலை பொதுவாக இங்கேயும் தொடரும், கட்டண விலக்கு உண்டு.

இந்தக் கட்டத்தில் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை கிடையாது. ஆனால் நீதியின் நலன் கருதி அமர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சான்றிதழ் கிடைத்த அன்றே அதற்கு மனு போடுங்கள்.

படி 6: சான்றிதழ் கிடைத்தால்

எந்தக் கேள்விக்குக் கிடைத்ததோ அதைப் பற்றித்தான் பிரீஃப் (எழுத்து வடிவ வாதம்) எழுத வேண்டும். மற்றவற்றைச் சேர்க்க விரும்பினால் சான்றிதழை விரிவாக்கக் கேட்க வேண்டும், இதில் சர்க்யூட்டுக்கு சர்க்யூட் நடைமுறை மாறும். கைதிகளுக்கென்று எளிய படிவப் பிரீஃப் வைத்திருக்கும் சர்க்யூட்டுகளும் உண்டு. பொது விதிப்படி முதல் பிரீஃபுக்கு உச்ச அளவு 13,000 சொற்கள் அல்லது 30 பக்கம். அரசு பதில் கொடுத்தபின் மறுமொழிக்கு 21 நாள். சட்டக் கேள்விகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாகப் பார்க்கும். உண்மை பற்றிய முடிவுகளை, தெளிவான தவறு இருந்தால்தான் மாற்றும். எனவே எது சட்டக் கேள்வி என்று பிரித்து அதை முதலில் வையுங்கள்.

சோர்வு வரும்போது ஜே லீ வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதில் தென்கொரியாவிலிருந்து வந்து மெம்ஃபிஸில் உணவகம் நடத்தியவர், குடியுரிமை வாங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நாடுகடத்த மாட்டார்கள் என்று அவருடைய வழக்கறிஞர் தவறாகச் சொன்னார். 2255 மனு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது, ஆறாம் சர்க்யூட்டிலும் தோற்றது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். கிரீன் கார்டில் இருக்கும் நம் குடும்பங்களும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. அதே குடும்பங்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த மேல்முறையீடு நிலுவையில் இருப்பது மட்டும் நாடுகடத்தலை நிறுத்தாது. குடியேற்ற வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள்.

படி 7: அங்கேயும் மறுத்தால்

மறுவிசாரணை கோரலாம். அரசு எதிர்த்தரப்பாக உள்ள சிவில் வழக்குகளுக்கு 45 நாள், மற்றவற்றுக்கு 14 நாள். உங்கள் சர்க்யூட் 2255-ஐ எதில் சேர்க்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உச்ச நீதிமன்றம். சான்றிதழ் மறுப்பையும் அது பரிசீலிக்க முடியும் என்று 1998-இல் ஹான் எதிர் அமெரிக்கா வழக்கில் முடிவானது. கெடு, மறுப்பு வந்த நாளிலிருந்தோ மறுவிசாரணை மறுக்கப்பட்ட நாளிலிருந்தோ 90 நாள். கூடுதல் நேரம் வேண்டுமானால் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே கேட்க வேண்டும், அதிகபட்சம் 60 நாள் கிடைக்கலாம். கட்டண விலக்கோடு, வழக்கறிஞர் இல்லாமல் மனுப் போடும் கைதி பல பிரதிகள் அனுப்ப வேண்டியதில்லை, மூலப்பிரதி ஒன்றே போதும். இங்கேயும் சிறைத் தபாலில் சேர்த்த நாளே கணக்கு, அதே மாதிரி உறுதிமொழியோடு.

இதற்குப் பிறகு இன்னொரு 2255 மனு போட வேண்டுமானால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த நியாயமான ஜூரியும் குற்றவாளி என்று சொல்லியிருக்காது என்று காட்டும் அளவுக்குப் புதிய சான்று, அல்லது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே அறிவித்த புதிய அரசியலமைப்பு விதி, இந்த இரண்டுக்குத்தான் அனுமதி கிடைக்கும். புதிய விதி வந்தால், அந்த உரிமையை உச்ச நீதிமன்றம் முதலில் ஏற்ற நாளிலிருந்து ஓராண்டுதான் நேரம். சிறை மாறும்போது தாள்கள் காணாமல் போகும். மனு, வாக்குமூலங்கள், விசாரணைப் பதிவு, எல்லா உத்தரவுகள் ஆகியவற்றின் முழுப் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.